போகாதே என்கிற குரல்

ஒலிப்பதிவில் அந்தக் கத்தல் இரண்டு நொடிகூட நீடிப்பதில்லை. ஒரு பாட்டு முடிந்துவிட்டது, அடுத்தது தொடங்கவில்லை. மேடையில் யாரோ கம்பியைத் திருகிச் சுருதி பார்க்கிறார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு, அங்கங்கே சிரிப்பு. அதைக் கிழித்துக்கொண்டு இருட்டிலிருந்து ஓர் ஆண்குரல் எழுகிறது: “யூதாஸ்!” சிலர் கைதட்டுகிறார்கள். பாப் டிலன் அந்தக் குரலை நம்பவில்லை என்று இழுத்துச் சொல்கிறார், பொய்யன் என்கிறார், பிறகு வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார். டிரம்ஸ் இடிபோல் விழுகிறது. 1966 மே 17, மான்செஸ்டரின் ஃப்ரீ ட்ரேட் ஹால். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்ற தவறான பெயரில் கள்ள இசைத்தட்டாகப் பல ஆண்டுகள் கைமாறிக்கொண்டிருந்த இந்தப் பதிவு 1998இல்தான் முறைப்படி வெளிவந்தது. அப்போதும் பழைய தவறான பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்துக்கொண்டே வந்தது. பாட்டுகளுக்காக இதைக் கேட்கத் தொடங்கிய நான், இப்போதெல்லாம் அந்த இடைவெளிக்காகக் கேட்கிறேன். ராக் இசை பற்றி எழுதுபவர்கள் அதை வெற்றிக்கதையாகச் சொல்கிறார்கள்: மேதை முன்னே நடந்துவிட்டார், ரசிகர்கள் பின்னே நின்றுவிட்டார்கள். என்னால் அந்தக் கதைக்குள் போய் உட்கார முடியவில்லை. அந்தக் குரலில் எனக்குக் கேட்பது ஏளனம் இல்லை, துக்கம். யூதாஸ் என்று யாரையும் அழைத்துவிட முடியாது. இயேசுவின் சீடர்கள்போல் பன்னிரண்டு பேரில் ஒருவராக இருந்தவரை மட்டுமே அப்படி அழைக்கலாம். கத்தியவர் டிலனைத் தெய்வமாக வைத்திருக்கவில்லை. தானும் டிலனும் சேர்ந்து எதற்கோ கட்டுப்பட்டவர்கள் என்று நம்பியிருந்தார். அது என்ன, அப்படி நம்ப அவருக்கு உரிமை உண்டா என்பதுதான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது.

அது என்ன என்பதற்கு அந்தக் கட்டடமே பாதிப் பதில். 1819இல் வாக்குரிமை கேட்டுக் கூடிய தொழிலாளர் கூட்டத்தின்மீது குதிரைப்படை பாய்ந்த செயின்ட் பீட்டர்ஸ் ஃபீல்ட், பீட்டர்லூ என்று வரலாறு சொல்லும் படுகொலையின் களம், அதே நிலத்தில்தான் ஃப்ரீ ட்ரேட் ஹால் எழுந்தது. இங்கிலாந்தின் நாட்டுப்புற இசைக் குழாம்களில் இடதுசாரிகள் நிறையப் பேர் இருந்தார்கள். பாட்டு என்பது உழைப்பவர்களின் நினைவு, அதை விற்பனைச் சரக்காக்குவது பாவம் என்று உளமார நம்பியவர்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் சுமார் இரண்டரை லட்சம் பேர் கூடிய பேரணியில், மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பற்றிப் பேசிய அதே மேடையில், டிலனும் நின்று பாடினார். அப்போது அவருக்கு வயது 22. அந்த நாளின் படங்களைப் பார்த்த ஒருவருக்கு டிலன் வெறும் பாடகராகத் தெரிந்திருக்க முடியாது. ஒல்லியான உடல், ஒற்றைக் கிதார், வாயோடு பொருத்திய ஹார்மோனிகா எல்லாம் சேர்ந்து ஒரு வாக்குறுதியாகியிருந்தன. டிலனோ அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அதிலிருந்து நழுவத் தொடங்கினார். டிசம்பரில் குடியுரிமைகளுக்கான ஓர் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தபோது, கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்டிடம் தன்னில் ஏதோ ஒன்றைக் கண்டதாக விருந்தினர் முன்னிலையிலேயே பேசி வசை வாங்கிக்கொண்டார். அடுத்த நவம்பரில் ‘ஸிங் அவுட்!’ இதழின் ஆசிரியர் இர்வின் ஸில்பர் அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்: நீங்கள் மக்களை விட்டு விலகி உங்களுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்கிற சாரத்தில். மான்செஸ்டர் குரலுக்கு முன்பே அதே குறையை மரியாதையான உரைநடையில் எழுதிவிட்டார் ஸில்பர்.

இதில் ஒரு விஷயம் எனக்கு நெடுநாள் உறைக்கவில்லை, பாட்டு வரிசையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மான்செஸ்டர் கச்சேரிக்கு இரண்டு பாதிகள். முதல் பாதியில் டிலன் தனியாக நின்று, மின்சாரம் இல்லாத கிதாரோடு பாடினார். கூட்டம் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் இருந்தது. அந்தப் பாதியின் ஏழு பாட்டுகளில் ஒன்றுகூடப் போராட்டப் பாட்டு இல்லை. காதல் கசப்பும் தூக்கமில்லாத இரவுகளும் கனவுபோல் குழம்பிய நகரத் தெருக்களுமாக அவை இருந்தன. போராட்ட வார்த்தைகள் எப்போதோ போய்விட்டிருந்தன. இரண்டாம் பாதியில் பின்னாளில் ‘தி பேண்ட்’ என்று பெயரெடுத்த குழுவோடு மின்கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தபோது, நாட்டுப்புறப் பாணியில் இதே ரசிகர்கள் நேசித்த சில பழைய பாட்டுகளைத்தான் உரத்த குரலில் பாடினார். எதிர்ப்பு அப்போதுதான் வந்தது. அப்படியானால் அவர்கள் காத்துக்கொண்டிருந்தது கருத்தையா, ஒலியையா? ஓராண்டு முன்பு, 1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் நடந்த கூச்சலுக்கும் இன்றுவரை ஒரே காரணம் யாரும் சொல்லவில்லை: மின்கிதார் என்கிறார்கள், ஒலிபெருக்கி மோசம் என்கிறார்கள், குழுவோடு மூன்றே பாட்டு பாடி இறங்கியதால் வந்த ஏமாற்றம் என்கிறார்கள். நாட்டுப்புறப் பாடகர் பீட் ஸீகர் கோடரியால் மின்கம்பியை வெட்டப் போனார் என்று ஒரு கதை உண்டு. கோடரி இருந்திருந்தால் வெட்டியிருப்பேன் என்று சொன்னதுண்டு, பாட்டின் சொற்கள் கேட்கவில்லை என்பதுதான் என் கோபம் என்று அவரே பிற்பாடு விளக்கினார். மான்செஸ்டரில் கத்தியது தாமே என்று பல ஆண்டுகள் கழித்து உரிமை கோரியவர்களில் ஒருவரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார், ஒலியமைப்பு சகிக்கவில்லை என்று. இந்த விளக்கங்களைச் சமாளிப்பு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. நேசிக்கிற குரல் இரைச்சலுக்குள் மூழ்கிப்போவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது உடம்பில் நடக்கிற விஷயம். கொள்கை அதற்குப் பிறகுதான் வருகிறது, காரணம் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதற்கு.

இந்த ரசிகரை நான் நிதானமாகக் குற்றம் சொல்லியிருப்பேன், நிஷெல் நிக்கல்ஸ் பலமுறை சொன்ன ஒரு சம்பவம் மட்டும் குறுக்கே வந்திருக்காவிட்டால். 1966 செப்டம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் எண்டர்பிரைஸ் விண்கலத்தின் தகவல்தொடர்பு அதிகாரி உஹுராவாக நடித்தவர். சிவப்புச் சீருடை, காதில் பளபளக்கும் உலோகக் குழல், கையெட்டும் தூரத்தில் விளக்குகள் மினுக்கும் பலகை. கறுப்பினப் பெண்களுக்கு வேலைக்காரி வேடங்களே பெரும்பாலும் கிடைத்த காலத்தில், கப்பலின் மையத்தில் ஓர் அதிகாரி. ஆனால் பக்கம் பக்கமாக எழுதப்பட்ட அவரது வசனங்கள் படப்பிடிப்பு வருவதற்குள் வெட்டுப்பட்டு, அலைவரிசை திறந்திருக்கிறது என்று கேப்டனிடம் சொல்கிற ஒற்றை வரியில் வந்து நின்றுவிடும். நிக்கல்ஸ் அடிப்படையில் பாடகி, நடனக்காரி. டியூக் எலிங்டனோடும் லயனல் ஹாம்ப்டனோடும் மேடையேறியவர். அவர் மனம் பிராட்வே இசை நாடகத்தில் இருந்தது. முதல் பருவம் முடிந்த கையோடு விலகுவதாகத் தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெர்ரியிடம் சொல்லிவிட்டார். அந்த வார இறுதியில் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் நடத்திய நிதிதிரட்டு விருந்தில், உங்கள் பெரிய ரசிகர் ஒருவர் சந்திக்க விரும்புகிறார் என்று யாரோ அழைத்துப் போனார்கள். எழுந்து நடந்து வந்தவர் மார்ட்டின் லூதர் கிங். தன் வீட்டில் குழந்தைகளைக் கண்விழித்துப் பார்க்க அனுமதிக்கிற ஒரே தொடர் இதுதான் என்றார். நிக்கல்ஸ் நன்றி சொல்லிவிட்டு, நான் விலகப்போகிறேன் என்று சொன்னதும் கிங்கின் முகம் மாறியது. உங்களால் அப்படிச் செய்ய முடியாது என்றார். அந்த வேடம் கறுப்பர்களுக்காக என்று ஒதுக்கப்பட்டதில்லை, நீங்கள் போனால் அந்த இடத்தில் யாரை வேண்டுமானாலும் உட்காரவைப்பார்கள். நாங்கள் எப்படிப் பார்க்கப்பட வேண்டுமோ அப்படி எங்களை உலகம் பார்ப்பது இப்போதுதான் என்று எடுத்துச் சொன்னார். திங்கட்கிழமை நிக்கல்ஸ் தன் விலகலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இந்தக் கதையை எல்லோரும் நெகிழ்ந்து சொல்கிறார்கள், நானும் நெகிழ்கிறேன். ஆனால் நெகிழ்ச்சி அடங்கிய பிறகு ஒரு நெருடல் மிஞ்சுகிறது. அந்த விருந்தில் கிங் சொன்னதும் மான்செஸ்டரில் இருட்டிலிருந்து வந்ததும் அடிப்படையில் ஒரே கோரிக்கை: போகாதே, நீ உனக்கு மட்டும் சொந்தமில்லை. ஒருவர் அதை ஒரு பெண்ணின் கண்ணைப் பார்த்து, வாதங்களோடு, கனிவாகச் சொன்னார். இன்னொருவர் முகம் தெரியாத தூரத்திலிருந்து வசையாகச் சொன்னார். தொனியில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கோரிக்கையின் கனத்தில் அந்த அளவு வித்தியாசத்தை நான் காணவில்லை. இரண்டு கோரிக்கைகளும் கிளம்பி வந்த இடம்கூட ஒன்றே, 1963 ஆகஸ்டின் அந்த மேடை. விடுதலைக்காகப் பாடுகிறவர் வணிக இரைச்சலுக்குள் போய்விடக் கூடாது என்று ஒருவர் நினைத்தார், விடுதலை அடைந்த எதிர்காலத்தை நடித்துக் காட்டுகிறவர் பாட்டு மேடைக்குப் போய்விடக் கூடாது என்று இன்னொருவர் நினைத்தார். டிலன் மறுத்துவிட்டுப் போனார். அதனால் நமக்கு அந்தப் பாட்டுகள் கிடைத்தன, நாம் அவரைக் கொண்டாடுகிறோம். நிக்கல்ஸ் கேட்டுக்கொண்டு இருந்தார். அதனால் நமக்கு உஹுரா கிடைத்தார், அவரையும் கொண்டாடுகிறோம். பிழைத்து நம் கைக்கு வந்தது எதுவோ அதை வைத்துத்தான் கோரிக்கையின் நியாயத்தை அளக்கிறோம். அது எனக்குச் சரியாகப் படவில்லை. வந்து சேராத பிராட்வே பாடகியை எந்தத் தராசில் வைப்பது?

கிங்கை நான் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தொடரின் முதல் பருவம் முடிகிற சமயம் என்று நிக்கல்ஸ் சொல்வதை ஏற்றுக்கொண்டால், அந்தச் சந்திப்பு நடந்தது 1967இன் முதற்பாதியாக இருக்க வேண்டும். அதே 1967இல், ஏப்ரல் 4 அன்று, நியூயார்க்கின் ரிவர்ஸைட் தேவாலயத்தில் கிங் வியட்நாம் போரை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். மறுநாளிலிருந்து அவரைக் கொண்டாடியவர்களே கைவிடத் தொடங்கினார்கள். நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்டும் தலையங்கத்தில் கண்டித்தன. குடியுரிமை இயக்கத்தையும் போர் எதிர்ப்பையும் ஒன்றாக்கக் கூடாது என்று அந்தத் தேசியச் சங்கத்தின் இயக்குநர் குழுவே அந்த மாதத்தில் தீர்மானம் போட்டது. நீங்கள் எங்களுக்கு இனச் சமத்துவத்தின் குரல், அந்த இடத்தை விட்டு நகராதீர்கள் என்பதுதான் அத்தனை பேரும் சொன்னதன் சாரம். கிங் நகர்ந்தார். தன்மீது வைக்கப்பட்ட பிம்பத்தை உதறிவிட்டு நடந்த அதே மனிதர், ஏறக்குறைய அதே பருவத்தில், ஒரு நடிகையிடம் அவருடைய பிம்பத்துக்குள்ளேயே இருக்கும்படி கேட்டுக்கொண்டார். இதில் முரண் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது சுலபம். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. அப்படிக் கேட்பதன் பாரம் எவ்வளவு என்று அந்த அறையில் மற்ற யாரையும்விட அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தே கேட்டார். கேட்பவர் அந்தப் பாரத்தைத் தானும் சுமந்துகொண்டிருந்தார் என்பதைத் தவிர, அவருடைய கோரிக்கையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகிற எந்தக் கோட்டையும் என்னால் உறுதியாகப் போட முடியவில்லை.

எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ‘ஸ்டார் ட்ரெக்’ வந்தபோது, இதையெல்லாம் அறியாத வயதில், கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து நானும் ஒரு கட்சியில் சேர்ந்திருந்தேன். ஸ்பாக் கட்சி. கேப்டன் கிர்க் பெரியவரா ஸ்பாக் பெரியவரா என்ற வழக்கு உலகமெங்கும் நடந்துகொண்டிருந்தது, ஸிட் பாரெட் போனபின் பிங்க் ஃபிளாய்ட் உண்டா இல்லையா, அதில் ரோஜர் வாட்டர்ஸா டேவிட் கில்மரா என்கிற வழக்கைப் போல. அந்த வழக்குகள் ஒருநாளும் தீரப்போவதில்லை, தீர வேண்டியதுமில்லை. யாருக்கும் காயம்படாத சண்டைகள் அவை. ஸ்பாக் விஷயத்தில் மட்டும் அந்த வயதிலேயே வேறேதோ இருந்தது. பாதி மனிதர், பாதி வல்கன் என்ற வேற்றுக்கிரகத்தவர். எந்த ஊரிலும் முழுதாகச் சேராதவர். முகத்தில் எதையும் காட்டாமல் எல்லாவற்றையும் உணர்கிறவர். 1968இல் ஒரு பதின்ம வயதுச் சிறுமி, தாய் கறுப்பினத்தவர், தந்தை வெள்ளையர், ‘ஃபேவ்’ என்ற இளைஞர் இதழுக்குக் கடிதம் எழுதினாள். நடிகர் லெனார்ட் நிமோய்க்கு இல்லை, ஸ்பாக்குக்கு. இரண்டு பக்கமும் தன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை, நீங்கள் எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்டிருந்தாள். நிமோய் இதழில் நீண்ட பதில் எழுதினார். சிறுவன் ஸ்பாக் எப்படித் தனித்து விடப்பட்டான், மற்றவர்களின் விருப்பத்தைச் சம்பாதிப்பதைவிடத் தனக்குள் ஒன்றை வளர்த்துக்கொள்வது மேல் என்று எப்படி முடிவெடுத்தான் என்று, இல்லாத ஒரு பிள்ளைப்பருவத்தை அந்தச் சிறுமிக்காகக் கட்டிக் கொடுத்தார். ரசிகர் கருத்து என்று நாம் பேசுகிற எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் கடிதத்தை நான் வைக்கிறேன். அவள் ஸ்பாக்கை மதிப்பிடவில்லை, அவரிடமிருந்து வழி கேட்டாள்.

அந்தப் பதிலுக்கு நிமோய் கொடுத்த விலையும் உண்டு. ஸ்பாக்கின் பாதிப் பொருள் நிமோயின் சொந்தச் சேமிப்பு. விரல்களைப் பிரித்து உயர்த்துகிற வல்கன் வணக்கம், பாஸ்டனில் சிறுவனாக இருந்தபோது யூத ஆலயத்தில் குருமார்கள் ஆசீர்வதிக்கும்போது ஒளிந்து பார்த்த கைமுத்திரை. தோளில் விரல் வைத்து மயங்கச் செய்யும் பிடியும் அவர் யோசனையே. தன்னிடமிருந்து எடுத்துக் கொடுத்ததெல்லாம் சேர்ந்து ஒரு தனி ஆளாகி, பிறகு தன்னை வாசலில் நிறுத்திவைத்ததை அவர் 1975இல் எழுதினார். ‘நான் ஸ்பாக் இல்லை’ என்று அந்தப் புத்தகத்துக்குப் பெயர். உள்ளே நிமோயும் ஸ்பாக்கும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்கிற உரையாடல்கள் இருக்கின்றன, பாசம் நிறைந்தவை. ரசிகர்களில் பலர் அட்டையைத் தாண்டவில்லை. எங்களை வேண்டாமென்கிறார் என்று புண்பட்டார்கள். 1982இல் வந்த திரைப்படத்தில் ஸ்பாக் சாகப்போகிறார் என்ற செய்தி கசிந்தபோது எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. பார்வையாளரின் பயத்தைத் தணிக்கவே படத்தின் தொடக்கத்தில் ஒரு பயிற்சி ஒத்திகையில் அவரைப் பொய்யாகச் சாகவைத்து எழுப்பினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1995இல், ‘நான் ஸ்பாக்’ என்று இன்னொரு புத்தகம். அதைச் சமாதானம் என்பவர்கள் உண்டு. எனக்கு அது களைப்பாகவும் படுகிறது, சில நாள்களில் உண்மையான ஏற்பாகவும் படுகிறது. மனிதர் எவ்வளவு நேரம்தான் தன் வாசலில் நின்றுகொண்டு இது என் வீடு இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்?

ராக் பாடகர் டேவிட் போவி இந்தச் சிக்கலை நிமோயைவிட முன்கூட்டியே உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். டிலனிடம் வேடம் என்று தனியாக எதுவும் இல்லை, அவரேதான் வேடம், ஆகவே போகும்போது அவரே உடம்போடு போக வேண்டியிருந்தது, வசையும் உடம்பிலேயே விழுந்தது. தொலைக்காட்சி நடிகருக்கு வேடம் உண்டு, ஆனால் அது அவருடையதில்லை, தயாரிப்பு நிறுவனத்தின் சொத்து. அதை முடித்துவைக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. போவி இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். வேறு உலகத்திலிருந்து செய்தி கொண்டுவருகிற ராக் பாடகன் ஸிக்கி ஸ்டார்டஸ்ட். செக்கச் சிவந்த தலைமயிர், வெளிறிய முகம், ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடியாத நடை. அறிவியல் புனைகதையும் ராக் இசையும் ஒரே தோலுக்குள் வந்து சேர்ந்த பிறவி. 1972 ஜூலையில் பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் போவி தோன்றிய சில நிமிடங்கள், பிரிட்டனில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தாங்கள் தனியில்லை என்று காட்டின. பாடகர்களாகப் பின்னாளில் வந்த எத்தனையோ பேர் அந்த மாலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். சரியாக ஓராண்டில், 1973 ஜூலை 3 அன்று லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியனில், கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒலிவாங்கியிடம் வந்து, இதுவே எங்கள் கடைசி நிகழ்ச்சி என்றார். பாஸ் கிதார்க்காரருக்கும் டிரம்ஸ்காரருக்கும்கூட அது புதுச் செய்தி. டி.ஏ. பென்னிபேக்கர், எட்டு ஆண்டுகள் முன்பு டிலனின் இங்கிலாந்துப் பயணத்தைப் படமாக்கிய அதே மனிதர், அன்று அங்கே இருந்து படம்பிடித்தார். கூட்டத்திலிருந்து எழுகிற அலறல் அதில் பதிவாகியிருக்கிறது. வசையில்லை. யூதாஸ் என்று யாரும் கத்தவில்லை. இறந்தது ஸிக்கி, போவி அடுத்த ஆண்டே வேறு ஒப்பனையில் வந்தார். புத்திசாலித்தனமான தப்பித்தல் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அந்தப் படத்தைப் பார்க்கும்போது, அழுகிற பிள்ளைகளின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடிவதில்லை. தங்களைத் தனியில்லை என்று சொன்ன ஒருவனை எச்சரிக்கை இல்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

வெறுப்பைப் பற்றி எழுத எனக்கு அதிக விருப்பமில்லை, ஆனாலும் வெஸ்லி க்ரஷரைத் தாண்டிப் போக முடியாது. 1987இல் தொடங்கிய புதிய ஸ்டார் ட்ரெக் தொடரில், பெரியவர்கள் திணறும்போது கப்பலைக் காப்பாற்றுகிற மேதைச் சிறுவன். ஜீன் ராடன்பெர்ரியின் முழுப்பெயர் யூஜீன் வெஸ்லி ராடன்பெர்ரி, தன் நடுப்பெயரையே அவனுக்கு வைத்தார். ரசிகர்கள் அவனைச் சகிக்கவில்லை. அவர்களுடைய விமர்சனம் தப்பு என்று சொல்லமாட்டேன், ஆரம்பக் கதைகளில் அந்தப் பாத்திரம் சோம்பலாக எழுதப்பட்டிருந்தது. எழுதியவர்கள் பெரியவர்கள். வெறுப்பைத் தாங்க வேண்டியிருந்தது 15 வயது வில் வீட்டன். ஒரு பாத்திரத்தைப் பற்றிய கருத்து எந்த இடத்தில் அந்தப் பாத்திரத்துக்குள் மூச்சு விடுகிற உடம்பைத் தொடுகிறது என்று தெரியாமலேயே ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு பையனை அடிக்க முடியும். இங்கே எனக்குத் தயக்கமே இல்லை, அது தவறு.

ஆனால் அதே ரசிகர்கள்தான், அதாவது அவர்களுடைய மூத்த தலைமுறை, முதல் தொடரை உயிரோடு வைத்தார்கள். 1967 முடிவில் தொடர் நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தபோது, பீஜோ ட்ரிம்பிளும் அவர் கணவர் ஜானும் கடிதம் எழுதும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். நாடெங்கிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன. 1968 ஜனவரியில் கால்டெக் மாணவர்கள் தீப்பந்தம் ஏந்தி என்பிசியின் பர்பேங்க் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். தொடர் நீடிக்கும் என்று அந்த மார்ச்சில் தொலைக்காட்சியிலேயே அறிவித்தார்கள். கிடைத்த மூன்றாம் பருவம் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு, இளைஞர்கள் வீட்டில் இல்லாத நேரத்துக்குத் தள்ளப்பட்டு, 1969இல் எல்லாம் முடிந்தது. என்றாலும் மூன்று பருவங்கள் இருந்ததால்தான் மறு ஒளிபரப்புக்குப் போதுமான கதைகள் சேர்ந்தன. மறு ஒளிபரப்பில்தான் தொடர் உலகெங்கும் பரவி, என் ஊர்வரை வந்தது. எழுபதுகளின் பின்பகுதியில் நாசா புதிய விண்வெளி வீரர்களைத் தேடியபோது, பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்ணப்பிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் நிஷெல் நிக்கல்ஸ். 1978இல் தேர்வான அணியில் ஸாலி ரைட், கையன் புளூஃபோர்ட், ரொனால்ட் மெக்நேர் இருந்தார்கள். விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிஸன் உஹுராவைப் பார்த்து வளர்ந்தவர். 1992இல் சுற்றுப்பாதையில் தன் பணி நேரத்தை, நிக்கல்ஸுக்கு மிச்சம் விடப்பட்டிருந்த அந்த ஒற்றை வரியைச் சொல்லித்தான் தொடங்குவார். கிங் கேட்டது இதைத்தான். கேட்டவர் இதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1968 ஏப்ரலில் அவரைச் சுட்டுவிட்டார்கள்.

இவ்வளவு கிடைத்த பிறகும் பிராட்வேயைப் பற்றி நான் கேட்டுக்கொண்டிருப்பது சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். நிக்கல்ஸே பின்னாளில் அந்த முடிவுக்காக வருந்தியதாகச் சொன்னதில்லை. பெருமையோடுதான் சொன்னார், 2022இல் இறக்கும்வரை. ஆனால் வருந்தவில்லை என்பதால் இழக்கவில்லை என்று ஆகிவிடாது. இழந்தது என்னவென்று தொடருக்குள்ளேயே சில நிமிடங்கள் பதிவாகியிருக்கின்றன. முதல் பருவத்தில் ஒரு கதை, சார்லி என்ற ஆபத்தான பையன் கப்பலுக்கு வருகிற கதை. ஓய்வறையில் ஸ்பாக் தன் வல்கன் யாழை மீட்டிக்கொண்டிருக்கிறார். உஹுரா முதலில் முனகுகிறார், பிறகு எழுந்து அறை முழுக்க உலாவிக்கொண்டே ஸ்பாக்கைச் சீண்டி ஒரு பாட்டு. காதுக் குழல் இல்லை, பலகை இல்லை. தோள்கள் தளர்ந்து, குரல் அடியிலிருந்து எழுந்து ஒரு வளைவு வளைந்து இறங்குகிறது. ஸ்பாக்கின் உதட்டோரத்தில் சிரிப்பு வந்துவிட்டதோ என்று சந்தேகம் வருகிறது. அந்தக் காட்சியில் நடிப்பது தகவல்தொடர்பு அதிகாரி இல்லை, எலிங்டனின் மேடையில் நின்றவர். தொடர் ஓடிக்கொண்டிருந்த நாள்களில் அவர் ஓர் இசைத்தட்டும் போட்டார், ‘டௌன் டு எர்த்’ என்று. அந்தக் காலத்தில் அந்தக் கப்பலிலிருந்து வேறு இசைத்தட்டுகளும் வந்தன: நிமோய் ஸ்பாக்கின் பெயரிலேயே ஒன்று, 1968இல் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் ஒன்று. ஷாட்னரின் தட்டில், மான்செஸ்டரின் முதல் பாதியை டிலன் முடித்துவைத்த அதே ‘மிஸ்டர் டாம்போரின் மேன்’ நாடக வசனம்போல் பேசப்பட்டிருக்கும். அதைக் கேட்டுச் சிரிப்பதற்கென்றே ரசிகர்கள் இன்றும் தேடிப் போகிறார்கள். நிக்கல்ஸின் தட்டில் சிரிக்க எதுவும் இல்லை. ஜாஸ் பழகிய ஒரு குரல் தன் இடத்தில் நின்று பாடுகிறது. உஹுராவைப் பற்றி நாங்கள் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம், அவர் பதவி என்ன, முதற்பெயர் என்ன, கிர்க்கை முத்தமிட்ட கதை எவ்வளவு பெரிய விஷயம் என்று. எங்கள் பேச்சில் ஒருமுறையும் இந்தத் தட்டு வந்ததில்லை. போகாதே என்று கேட்டவர்களின் வரிசையில் வந்தவர்கள் நாங்கள். அவர் போக நினைத்த இடம் எப்படி ஒலித்திருக்கும் என்று கேட்டுப் பார்ப்பதாவது எங்கள் கடமையாக இருந்திருக்க வேண்டும்.